தெருவின் எந்தப் பக்கம்?

தோக்கியோ நகரத்தில் சின்ஜுக்கு என்றொரு பகுதி உண்டு. வானை முட்டும் கட்டடங்கள் அங்கே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் அடியில், நடைபாதையில், ஒருவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். "நான் எங்கே இருக்கிறேன்?" என்று தம் கைப்பேசியைக் கேட்கிறார். கைப்பேசி சிறிதும் தயங்காமல் விடை சொல்கிறது. நகரப் படத்தின்மேல் ஒரு நீலப் புள்ளியை வைத்துக் காட்டுகிறது. ஆனால் அந்தப் புள்ளி அவர் நிற்கும் இடத்தில் இல்லை. தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது; சில வேளைகளில் அடுத்த தெருவுக்கே போய்விடுகிறது.

கடை தேடிப் போகிறவருக்கு இது சிறு தொல்லைதான். மயங்கி விழுந்துவிட்ட ஒருவருக்காக மருத்துவ வண்டியை அழைப்பவருக்கு அப்படியன்று. கண்பார்வை இல்லாமல், கருவி சொல்லும் வழியை நம்பி நடப்பவருக்கும் அப்படியன்று. பெருநகரச் சாலையின் நடுவே தடுப்புச் சுவர் இருக்கும். எதிர்ப்பக்கத்துக்கு வர வண்டி நெடுந்தூரம் சுற்ற வேண்டியிருக்கும். அந்தச் சில நிமிடங்களின் விலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே கைப்பேசியை ஒரு வயல்வெளிக்கு எடுத்துச் சென்றால், ஏறத்தாழ 5 மீட்டருக்குள் சரியாகவே சொல்லிவிடும். மனிதர் இல்லாத வெட்டவெளியில் நன்றாக வேலை செய்யும் ஒரு கருவி, மனிதர் நெருங்கி வாழும் நகரத்தில் தடுமாறுவது விந்தையன்றோ? அத் தடுமாற்றம் ஏன் நேர்ந்தது, அதனை அறிஞர்கள் எவ்வாறு குறைத்தார்கள், அதுவும் அரசாங்கங்கள் மட்டுமே வாங்கக்கூடிய பெருங்கருவிகளில் அன்றி, எளியவர் சட்டைப் பையில் வைக்கும் மலிவான கருவியில் எவ்வாறு குறைத்தார்கள் என்பதே இன்று நாம் பேசப்போகும் வரலாறு.

இவ் வரலாறு 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் தொடங்குகிறது. அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. "செயற்கைச் சந்திரன்" என்று உலகம் வியந்தது. அது பூமியைச் சுற்றியவாறே விட்டுவிட்டு ஒலிக்கும் வானொலிக் குறியொன்றை அனுப்பிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைபன்பாக் என்னும் இரண்டு இளம் விஞ்ஞானிகள் இருந்தனர். யாரும் கட்டளையிடாமலே, ஆர்வத்தால் மட்டும், அந்தக் குறியை ஓர் ஏரியல் வைத்துக் கேட்கத் தொடங்கினர். ரயில் வண்டி நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உயர்ந்தும், நம்மைக் கடந்து போகும்போது தாழ்ந்தும் கேட்பதை நாம் அறிவோம். டாப்ளர் விளைவு என்று இதனைப் பள்ளியில் படிக்கிறோம். ஸ்புட்னிக்கின் குறியும் அவ்வாறே ஏறி இறங்குவதை அவர்கள் கண்டனர். அந்த ஏற்றத் தாழ்வை அளந்தே, அது எந்தப் பாதையில் சுற்றுகிறது என்பதைக் கணக்கிட்டு விட்டனர்.

1958-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவ் ஆய்வகத்தின் மூத்த அறிஞர் பிராங்க் மக்ளூர் அவர்களை அழைத்து ஒரு கேள்வி கேட்டார். "நாம் நிற்கும் இடம் தெரியும், கோளின் இடம் தெரியாது, அதனைக் கண்டுபிடித்தீர்கள். கோளின் இடம் தெரிந்து, நாம் நிற்கும் இடம் தெரியாவிட்டால், இதே கணக்கைத் திருப்பிப் போட்டு நம் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?" கேள்வியின் சாரம் இது. முடியும் என்று தெரிந்தது. கணக்கைத் திருப்பிப் போடும் இந்தப் பழக்கத்தை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது ஆண்டு வரலாற்றில் அது மறுபடியும் தலைகாட்டும்.

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் டிரான்சிட் என்னும் அமைப்பு. 1964-இல் அமெரிக்கக் கடற்படைக்கும், 1967-இல் பொதுமக்களின் கப்பல்களுக்கும் அது பயன்பட்டது. நடுக்கடலில் சுற்றிலும் வானம் திறந்து கிடக்கும். கோள் ஒன்று தலைக்கு மேலாகக் கடந்து போகும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருக்கக் கப்பலுக்கு நேரமும் உண்டு. நகரத்து மனிதனைப் பற்றி அன்று எவரும் நினைக்கவில்லை.

பின்னர் வந்தது ஜி.பி.எஸ். 1973-இல் பிராட்போர்டு பார்க்கின்சன் என்னும் விமானப்படை அதிகாரியின் தலைமையில் திட்டம் உருப்பெற்றது. அதன் முதற்கோள் 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் ஏவப்பட்டது. முழு அமைப்பும் நிறைவடைந்தது 1995-இல். இது குறியின் ஏற்ற இறக்கத்தை நம்பியிருக்கவில்லை, நேரத்தை நம்பியது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரங்கள் உண்டு. "இந்தக் கணத்தில் இதனை அனுப்பினேன்" என்று அக் கோள் ஒரு குறிவரிசையை அனுப்புகிறது. அது வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கிறது. மூன்று கோள்களிலிருந்து தூரம் தெரிந்தால் நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

இங்கே ஓர் இடர் உண்டு. ஒளி ஒரு நானோ செகண்டில், அதாவது ஒரு செகண்டின் நூறு கோடியில் ஒரு பங்கில், ஏறத்தாழ ஓர் அடி சென்றுவிடும். ஆகவே நம் கையில் உள்ள கருவியிலும் அணுக் கடிகாரம் வேண்டும் போலத் தோன்றுகிறது. அப்படியானால் கருவியின் விலை என்ன ஆவது? இதற்குக் கண்ட வழி மிக அழகானது. கையிலிருக்கும் கடிகாரம் எவ்வளவு தவறாக ஓடுகிறது என்பதையும், தெரியாத ஓர் எண்ணாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். தெரியாதவை நான்கு, எனவே நான்காவது ஒரு கோளைக் கேட்டால் போதும். விலையுயர்ந்த கடிகாரம் வானத்தில் இருக்கட்டும். கீழே மலிவான படிகக் கடிகாரம் போதும் என்றாயிற்று. எளியவன் கைக்கு இக் கருவி ஒருநாள் வந்து சேர்ந்ததற்கு வித்திட்டது இந்த நான்காவது கோள்தான் என்று நான் கருதுகிறேன். திட்டம் தீட்டியவர்கள் போர்வீரனை மனத்தில் வைத்தே அதனைச் செய்தார்கள் என்பது வேறு செய்தி.

போர்க்கருவியாகப் பிறந்தது மக்கள் கருவியானதற்கு ஒரு துயரமும் காரணம். 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் கொரிய நாட்டுப் பயணி விமானமொன்று வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்தது. அது சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் உயிரிழந்தனர். அதன்பின் அமெரிக்கத் தலைவர் ரேகன், ஜி.பி.எஸ். நிறைவடைந்ததும் பொதுமக்களுக்கும் அளிக்கப்படும் என்று அறிவித்தார். ஆனால் அளித்த கை சற்றே இழுத்தும் பிடித்தது. பொதுமக்களுக்கான குறியில் 1990 முதல் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டது. அதனால் கருவி சொல்லும் இடம் நூறு மீட்டர் வரை தவறலாயிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1991 வளைகுடாப் போரில் படையினருக்குப் போதிய இராணுவக் கருவிகள் கிடைக்காமல், கடைகளில் விற்கும் கருவிகளையே வாங்கிக் கொடுக்க நேர்ந்தது. அதற்காக அந்தப் பிழையைத் தற்காலிகமாக நீக்கி வைத்தார்கள்! இன்னொரு வேடிக்கை: அரசாங்கத்தின் ஒரு கை கலந்த பிழையை மற்றொரு கை திருத்தியது. அமெரிக்கக் கடலோரக் காவல் படையினர், இடம் நன்றாகத் தெரிந்த கரையோர நிலையங்களில் கருவிகளை நிறுத்திப் பிழையை அளந்தனர். "இவ்வளவு கழித்துக்கொள்க" என்று கப்பல்களுக்கு ஒலிபரப்பினர். இறுதியில் 2000-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள், குடியரசுத் தலைவர் கிளின்டன் அந்தக் கலப்பை அன்று நள்ளிரவோடு நிறுத்த ஆணையிட்டார். ஒரே இரவில், உலகெங்கும் உள்ள கருவிகள், எவரும் தொடாமலே, ஏறத்தாழப் பத்து மடங்கு துல்லியம் பெற்றன.

இதற்கிடையே விலையும் இறங்கிக்கொண்டிருந்தது. 1989-இல் மாகெல்லன் நிறுவனம் விற்ற கைக்கருவியின் விலை ஏறத்தாழ 3,000 டாலர். பத்தே ஆண்டுகளில், 1999-இல், பின்லாந்து நாட்டின் பெனிபான் நிறுவனம் ஜி.பி.எஸ். பொருத்திய கைப்பேசியையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமும் இதற்கு ஒரு தூண்டுகோல் ஆயிற்று. அவசர உதவிக்கு அழைப்பவர் எங்கிருக்கிறார் என்பதைக் கைப்பேசி நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்று அது 1996-இல் விதித்தது. 1999-இல் கைப்பேசிக்குள்ளேயே இடங்காணும் முறைக்கு ஓர் அளவையும் வகுத்தது. மூன்றில் இரண்டு பங்கு அழைப்புகளில் 50 மீட்டருக்குள் இடம் தெரிய வேண்டும் என்பது அவ்வளவு. ஐம்பது மீட்டர்! சிற்றூரில் அது ஒரு வீட்டின் தோட்டம். பெருநகரத்தில் அது எதிர்ச்சாரிக் கட்டடம்.

இனி நகரத்துக்குள் நுழைவோம்.

கோளிலிருந்து வரும் குறி எவ்வளவு மெலிந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். புறப்படும்போது அது ஒரு வீட்டு விளக்கின் ஆற்றல் அளவினதே. நம்மை வந்தடையும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் அதில் ஓரிரு பங்கே மிஞ்சுகிறது. கட்டடத்தின் சுவர் அதனை மறைத்துவிடும். மறைத்தால் மட்டும் பரவாயில்லை. எதிர்ச்சாரியில் கண்ணாடியும் உலோகமும் போர்த்திய மற்றொரு கட்டடம் அதனைத் திருப்பி அனுப்பும். மலையடிவாரத்தில் கூவினால் நம் குரலே திரும்பி வருவது போல, கோளின் குறியும் சுவரில் மோதி எதிரொலியாக வரும். நேர்வழியை விட அது நெடுவழி. நெடுவழியில் வந்ததைக் கருவி அறியாது. கூடுதல் நேரம் ஆனதால் கோள் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நம்பிவிடும். நேர்க்குறியும் எதிரொலியும் சேர்ந்து வந்தால் ஒரு குழப்பம். நேர்க்குறி அறவே மறைந்து எதிரொலி மட்டும் வந்தால் பெருங்குழப்பம்.

கடலோரக் காவல் படையினரின் திருத்தம் இங்கே உதவாதா என்று கேட்கத் தோன்றும். உதவாது. வானத்தின் மேலடுக்கில் குறி தாமதப்படுவதும், கோளின் கடிகாரம் சிறிது பிசகுவதும் பொதுப் பிழைகள். ஓரிடத்தில் அளந்து ஊருக்கெல்லாம் அறிவித்துவிடலாம். எதிரொலிப் பிழையோ தனிப் பிழை. இந்த நடைபாதையில் உள்ளது எதிர் நடைபாதையில் இல்லை. இப்போது உள்ளது பத்தடி நடந்தால் இல்லை. இதனை யாரும் வெளியிலிருந்து திருத்தித் தர முடியாது. அவரவர் கையிலுள்ள கருவியே திருத்திக்கொள்ள வேண்டும்.

அக் கருவியோ ஏழை. நில அளவையாளர் பயன்படுத்தும் ஏரியலை ஒருமுறை பாருங்கள். தட்டுப் போல அகன்றிருக்கும். கோளின் குறி வலம்புரியாகச் சுழன்றுகொண்டு வருகிறது. சுவரில் மோதித் திரும்பும்போது பெரும்பாலும் இடம்புரியாக மாறிவிடுகிறது. நல்ல ஏரியல் வலம்புரியை ஏற்று இடம்புரியைத் தள்ளிவிடும். கைப்பேசியின் ஏரியல் அதன் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சிறு உலோகத் துண்டு. அதற்கு வலமும் தெரியாது, இடமும் தெரியாது. இந்தக் குறைபாட்டை வைத்துக்கொண்டுதான் மற்றவற்றைச் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் செய்தது, வானத்தில் கோள்களைப் பெருக்கியது. ரஷ்ய நாட்டின் குளோனாஸ் மீண்டும் 2011-இல் முழுமையடைந்தது. ஐரோப்பாவின் கலிலியோ 2016 டிசம்பரில் தொடக்கச் சேவையை அளித்தது. சீனத்தின் பெய்டோ 2020-இல் உலகளாவியதாயிற்று. இப்போது நூற்றுக்கு மேற்பட்ட கோள்கள் சுற்றுகின்றன. குறுகிய வானத்துண்டு மட்டும் தெரியும் தெருவிலும் நாலைந்து கோள்கள் கண்ணில் படும் என்பது இதன் பயன்.

சப்பானியர் செய்தது இதிலும் நுட்பமானது. மலையும் மாடமும் நெருங்கிய நாடு அவர்களுடையது. கோள் பக்கவாட்டில் இருந்தால் மறையும். உச்சியில் இருந்தால் மறைவதெப்படி? இவ்வாறு எண்ணி, தரையில் அதன் தடத்தை வரைந்தால் 8 என்னும் எண்ணைப் போல் அமையும் ஒரு பாதையை வகுத்தனர். அப் பாதையில் செல்லும் கோள் நாள்தோறும் பல மணி நேரம் சப்பானின் உச்சிவானத்தையொட்டி நிற்கும். ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். முதற்கோளை 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஏவினர். அதன் பெயர் "மிச்சிபிக்கி"; வழிகாட்டல் என்பது பொருள். 2018 நவம்பர் 1 முதல் நான்கு கோள்களுடன் முறையான சேவை தொடங்கியது. நகரத்துத் தெருவை மனத்தில் வைத்தே ஒரு வானப்பாதை வகுக்கப்பட்டது என்பதை எண்ணும்போது வியப்பு உண்டாகிறது.

அடுத்தது குறியின் இயல்பைப் பற்றியது. பாடகர் ஒரு சுரத்தை நீட்டி இசைத்தால் அதன் எதிரொலி மூலக்குரலோடு கலந்து போகும். தவிலில் ஓர் அடி அடித்தால் அடி வேறு, எதிரொலி வேறு என்று காது பிரித்துக்கொள்ளும். பழைய பொதுக்குறியின் ஒவ்வொரு துடிப்பும் விண்ணில் ஏறத்தாழ 293 மீட்டர் நீண்டு கிடக்கிறது. இருபது மீட்டர் பிந்தி வரும் எதிரொலி அதனுள் கரைந்துவிடும். எல்-5 எனப்படும் புதிய குறியின் துடிப்பு அதில் பத்தில் ஒரு பங்கு, 29 மீட்டரே. எதிரொலியைப் பிரித்தறிவது இதில் எளிது. 2017-இல் பிராட்காம் நிறுவனம் இரண்டு குறிகளையும் ஏற்கும் மலிவான சில்லு ஒன்றை அறிவித்தது. 2018-இல் சியோமி நிறுவனத்தின் மி-8 என்னும் கைப்பேசியில் அது அமைந்தது. அதுவரை இரட்டை அதிர்வெண் என்பது அளவையாளரின் பெட்டிக்குள் மட்டுமே இருந்த செல்வம்.

நம் நாட்டு அமைப்பைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டும். ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 2013-ஆம் ஆண்டு சூலை 1-ஆம் நாள் முதற்கோள் ஏவப்பெற்ற இந்திய அமைப்பு, நாவிக் என்று பின்னர் பெயர் பெற்றது. அது தொடக்கத்திலிருந்தே எல்-5 குறியை அனுப்பியது. பழைய எல்-1 குறியை அனுப்பவில்லை. குறி நல்ல குறிதான். ஆனால் மலிவான கைப்பேசிகள் எல்-1 ஒன்றையே கேட்கும் செவி படைத்தவை. ஆகவே அவை அதனைக் கேட்க இயலவில்லை. 2023-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் ஏவிய என்.வி.எஸ்.-01 கோளில்தான் எல்-1 சேர்க்கப்பட்டது. எளியவன் கையில் இருப்பது எது என்று பார்த்து வானத்தில் கோளை அமைக்க வேண்டியிருக்கிறது.

துல்லியத்துக்கு இன்னொரு பழைய வழியும் இருந்தது. குறிவரிசையை விட்டுவிட்டு, அதனைச் சுமந்து வரும் அலையையே அளப்பது அது. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். அதன் ஏற்ற இறக்கத்தை எண்ணினால் சென்டிமீட்டர் அளவிலும் இடம் காணலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சார்லஸ் கவுன்செல்மன் 1980-களின் தொடக்கத்திலேயே இதனைச் செய்து காட்டினார். கருவியின் விலையோ வீடு வாங்கும் விலை. அக் கலையை எளியவருக்குத் திறந்துவிட்டவர்களுள் தோக்கியோ கடல்சார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தோமொஜி தகாசு என்பவரை முதலில் சொல்வேன். இந்தக் கணக்கைப் போடும் ஆர்.டி.கே.லிப் என்னும் கணிப்பொறி நிரலை அவர் எழுதினார். விற்பனை செய்யாமல், யாரும் எடுத்துப் பார்க்கவும் மாற்றவும் விட்டுவிட்டார். மலிவான ஏற்புக்கருவியோடு அதனை இணைத்து 2009-இல் ஓர் ஆய்வுரையும் வெளியிட்டார். உலகெங்கும் கல்லூரி மாணவர்கள் இத்துறையில் நுழைய அது வாயிலாயிற்று. 2014-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் கைப்பேசியின் ஏரியலைக் கொண்டே சென்டிமீட்டர் அளவில் இடங்காண முடியும் என்று காட்டினர். தடையாக நிற்பது சில்லு அன்று, எதிரொலியைத் தடுக்க இயலாத ஏரியலே என்பதும் அதில் தெளிவாயிற்று. 2016-இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் தாம் அளந்த அளவுகளை அப்படியே வெளியே கொடுக்கலாயின. அதற்கு முன் விடை மட்டுமே கிடைத்தது. இப்போது கணக்கும் கிடைத்தது. மாணவனுக்கு எது வேண்டும் என்று சொல்ல வேண்டுமா?

ஆயினும் மறைந்த கோள் மறைந்ததுதான். எத்தனை குறிகள் இருந்தாலும், சுவர் மறைத்தால் என்ன செய்வது? தெரு நீளவாக்கில் வானம் திறந்திருக்கிறது. அத் திசைக் கோள்கள் நேராகத் தெரிகின்றன. குறுக்குவாக்கில் இரு மருங்கும் கட்டடச் சுவர். ஆகவே தெருவின் நீளத்தில் எங்கே நிற்கிறோம் என்பது நன்றாகவே தெரிந்துவிடும். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே தெரியாது. நாம் தொடக்கத்தில் பார்த்த சின்ஜுக்கு மனிதரின் இடர் இதுதான்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பால் குரோவ்ஸ் 2011-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இக் கணக்கைத் திருப்பிப் போட்டார். மறைந்த கோளை நினைத்து வருந்துவானேன்? மறைந்தது என்பதே ஒரு செய்தியன்றோ? வடக்குத் தெற்காகச் செல்லும் ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு வானில், நடுத்தரமான உயரத்தில் ஒரு கோள். மேற்கு நடைபாதையில் நிற்பவருக்கு அது எதிர்ச்சாரிக் கட்டடத்தின் உச்சிக்கு மேலாகத் தெரியும். கிழக்கு நடைபாதையில் நிற்பவருக்கோ தலைக்கு மேலேயே சுவர் எழுவதால் தெரியாது. மாலை வெயிலில் ஒரு நடைபாதை நிழலிலும் மற்றொன்று வெளிச்சத்திலும் இருப்பது போலத்தான் இதுவும். கட்டடங்களின் உயரம் நமக்குத் தெரிந்தால், கோளின் இடமும் தெரிந்திருப்பதால், எந்த இடத்தில் எந்தக் கோளின் "நிழல்" விழும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கலாம். பிறகு கைப்பேசியைக் கேட்கவேண்டியது ஒன்றே: எந்தக் கோளின் குறி வலுவாகக் கேட்கிறது, எது மங்கலாகவோ கேளாமலோ இருக்கிறது? அவ்விடையோடு ஒத்துப்போகும் இடமே நாம் நிற்கும் இடம். இதற்கு நிழல் பொருத்துதல் என்று பெயரிட்டார்கள். விலையுயர்ந்த ஏரியல் வேண்டாம். அணுக் கடிகாரம் வேண்டாம். லண்டன் வீதிகளிலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டது. முன்பு எறியப்பட்டதெல்லாம் இப்போது சாட்சியாக வந்து நின்றது.

தோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஷுன்சுகே காமிஜோவின் குழுவினர் இன்னும் ஒருபடி சென்றனர். நகரத்தின் முப்பரிமாண உருவை வைத்துக்கொண்டு, குறி எந்தச் சுவரில் பட்டு எவ்வாறு திரும்பியிருக்கும் என்று கதிரின் வழியைத் தேடிப்பிடித்தனர். எதிரொலியும் அவர்கள் கையில் அளவுகோலாயிற்று.

படம் கருவியைத் திருத்தும் என்னும் எண்ணம் இவர்களுக்கு முன்னும் இருந்ததுதான். 1985-இலேயே கலிபோர்னியாவில் எட்டாக் என்னும் நிறுவனம், கோள் எதுவும் இன்றி, சக்கரத்தின் சுழற்சியையும் திசைகாட்டியையும் நகரப் படத்தோடு ஒப்பிட்டுக் கார் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியை விற்றது. எட்டாக் என்பது பசிபிக் தீவினரின் கடலோட்டக் கலைச்சொல். ஓடம் அசையாமல் நிற்கிறது, தீவுகளே நகர்ந்து வருகின்றன என்று மனத்தில் கொண்டு அவர்கள் வழி காண்பார்களாம். அக்காலத்துப் படம் தட்டையானது, அவ்வளவே வேறுபாடு.

2020-ஆம் ஆண்டு டிசம்பரில் கூகிள் நிறுவனம் முப்பரிமாண நகரப் படத்தைக் கொண்டு திருத்தும் முறையைத் தன் பிக்சல் கைப்பேசிகளில் சேர்த்தது. அப்பணியை விளக்கி எழுதியவர் பிராங்க் வான் டிக்கெலன். தெருவின் தவறான பக்கத்தைக் காட்டும் பிழை இதனால் ஏறத்தாழ முக்காற்பங்கு குறைந்தது என்றும், 3,800-க்கு மேற்பட்ட நகரங்களில் இது இயங்குகிறது என்றும் அந்நிறுவனம் அறிவித்தது.

இதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு; அதனை மறைக்க விரும்பவில்லை. ஒரு காலத்தில் துல்லியம் ஓர் அரசாங்கத்தின் கையில் இருந்தது. வேண்டும்போது கொடுத்து வேண்டாதபோது எடுத்தது. இன்று வானத்துக் குறிகள் எல்லார்க்கும் பொது. ஆனால் அவற்றை நகரத்தில் பயன்படச் செய்யும் கட்டடப் படம் சில நிறுவனங்களின் கையில் இருக்கிறது. படம் உள்ள ஊர் பிழைத்தது. படம் இல்லாத ஊரில், நேற்று எழும்பிய மாடம் படத்தில் ஏறாத தெருவில், மலிவான கைப்பேசி பழையபடி எதிர்ப்பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஆர்.டி.கே.லிப்பைப் போல நகரப் படங்களும் பொதுச்சொத்தாக வேண்டும் என்று விரும்புகிறவர்களுள் நானும் ஒருவன்.

இப்போது படத்தின் துணையில்லாமலும் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கும் முயற்சிகள் நடந்துள்ளன. 2021 முதல் கூகிள் நடத்திய போட்டிகளில், கலிபோர்னியாவின் சாலைகளில் காரில் வைத்த கைப்பேசிகளின் அளவுகளை எல்லார்க்கும் கொடுத்து, யார் குறைந்த பிழையோடு வழியைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டார்கள். 2021-இலும் 2022-இலும் முதலிடம் பெற்றவர் சப்பானின் சிபா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தாரோ சுசுகி. 2022-இல் அவர் கண்ட பிழை ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அவர் ஒவ்வொரு கணத்தையும் தனித்தனியே கணக்கிடவில்லை. பயணம் முழுவதையும் ஒரே கணக்காக எடுத்துக்கொண்டு, முன்னதும் பின்னதும் ஒன்றையொன்று திருத்தும்படி அமைத்தார். தூர அளவுகள் எதிரொலியால் கெட்டுப்போகும் நகர வீதியிலும், அலையின் ஏற்ற இறக்கம் அவ்வளவாகக் கெடுவதில்லை. ஆகவே 2021-இல் கார் எந்த வேகத்தில் எத்திசையில் நகர்ந்தது என்பதற்கு அவர் நம்பியது குறியின் டாப்ளர் மாற்றத்தை. கையரும் வைபன்பாக்கும் 1957-இல் ஸ்புட்னிக்கின் குரலில் கேட்டார்களே, அதே மாற்றத்தை.